கையெழுத்துக்கு முன் ஒரு நாள்

சென்னை மேடவாக்கம் கூட்ரோட்டில் காலையில் நின்று பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு சோழிங்கநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் முகத்தில் ஒரு கலக்கம். 2025 ஜூலையில், ஊழியர்களில் 100-க்கு 2 பேரைக் குறைக்கப்போவதாக ஐடி நிறுவனமான டிசிஎஸ் அறிவித்தது. "அடுத்தது நானா?" என்ற கேள்வி பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பயத்தில் இருப்பவரிடம் நிறுவனம் ராஜினாமா கடிதத்தை நீட்டினால், கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும். உடனே போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். பால் பொங்கி வந்தால் அடுப்பைத்தான் தணிக்கிறோம், பாலைக் கொட்டிவிடுவதில்லை. அந்த ஒரு நாளில் வீட்டில் பேசுங்கள். ஒரு வக்கீலிடம், ஐடி ஊழியர் சங்கத்திடம் கேளுங்கள். ஒரு நாள் போதும்.

2015 ஜனவரியில், அதே டிசிஎஸ் நிறுவனத்தின் சென்னை ஊழியர் ஒருவர், கர்ப்பிணி, தன் பணிநீக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டார்.

பெற்றோர்களே, இன்று இரவு உங்கள் பிள்ளை சாப்பிடாமல் படுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா நடந்தது?" என்று கேளுங்கள்.