ஒரே உரலில் இரண்டு உலக்கை



வீட்டிலேயே நெல் குத்திய காலம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். உரல் ஒன்று. எதிரெதிரே இரண்டு பெண்கள், ஆளுக்கொரு உலக்கை. ஒருவர் உலக்கை உரலுக்குள் இறங்கும்போது மற்றவர் உலக்கை தலைக்கு மேலே நிற்கும். பேச்சு நடக்கும், ஊர்வம்பு நடக்கும், தாளம் மட்டும் தப்பாது. தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும்.

கார் எஞ்சினுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கீழேயிருந்து பிஸ்டன் ஏறுகிறது. மேலேயிருந்து வால்வு இறங்குகிறது. பல எஞ்சின்களில் இரண்டும் வந்துபோக இருப்பது ஒரே இடம். பிஸ்டனை ஆட்டுவது கிராங்க் ஷாஃப்ட், வால்வைத் திறப்பது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடுகிறது என்றால், ஒரு வினாடிக்குள் பிஸ்டன் 50 முறை உச்சிக்கு வருகிறது. ஒவ்வொரு வால்வும் 25 முறை திறந்து மூடுகிறது. இந்தத் தாளத்தைப் பல கார்களில் காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒரு ரப்பர் பட்டை. உள்பக்கம் வரிசையாகப் பற்கள், உள்ளே கண்ணாடி இழை நூல்கள், பற்களின் மேல் நைலான் துணி. அதுதான் டைமிங் பெல்ட்.

பல் வைத்த இந்த பெல்ட் காருக்காகப் பிறந்ததல்ல. 1940களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக உருவானது. மேலே ஊசியும் கீழே பாபினும் ஒரே கணக்கில் ஓடினால்தானே தையல் விழும்? 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் இதைப் பொருத்தியது. நம் ஊரில் அம்பாசிடரும் பத்மினியும் இரும்புச் சங்கிலியில்தான் ஓடின. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 பெல்ட்டோடு வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரத் தொடங்கிய சான்ட்ரோவிலும் பெல்ட்தான். பெல்ட்டுக்கு எடை குறைவு, சத்தம் குறைவு, விலையும் குறைவு. ஒரே ஒரு குறை: சங்கிலி தேய்ந்தால் கடகடவென்று முறையிடும். பெல்ட் கடைசி நாள் வரை வாய் திறக்காது.

என் பழைய காருக்குப் பெல்ட் மாற்றிய கதையைச் சொல்கிறேன். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "சார், பெல்ட் மாத்துறது அரை மணி நேர வேலை. பெல்ட்கிட்ட போய்ச் சேர்றதுதான் வேலை" என்றார். அப்போது அது எனக்குச் சரியாகப் புரியவில்லை.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினார். வலப்பக்க முன் சக்கரம் கழன்றது. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, அந்தப் பக்கத்து மவுன்ட்டைக் கழற்றினார். ஏ.சி. பெல்ட், ஆல்டர்னேட்டர் பெல்ட் வெளியே வந்தன. அதுவரை எல்லாம் சுமுகம். பிறகு வந்தது கிராங்க் புல்லியின் நடு போல்ட். அது அசையவே இல்லை.

இறுகிய போல்ட் ஏன் அசைவதில்லை? முதலில், அதை முடுக்கியதே பெரும் பலத்தோடு. ஓட்டத்தில் கழன்றுவிடக் கூடாது அல்லவா? இரண்டாவது, துரு. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரைக்குள் அதற்கு ஏது இடம்? ஆப்பு அடித்த மாதிரி இறுகிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்து வைக்கும்.

நான் ஒரு நீளமான ஓப்பன் ஸ்பானரை எடுத்து நீட்டினேன். பாய் வாங்கவில்லை. ஓப்பன் ஸ்பானர் போல்ட்டின் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும். பலம் கொடுத்தால் முனைகள் மழுங்கி, தலை உருண்டையாகிவிடும். அதற்குப் பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. ஆறு பக்கத்தையும் கவ்வும் சாக்கெட் வேண்டும், அதுவும் சரியான அளவில். கம்பி பிரஷ்ஷால் போல்ட்டைச் சுற்றித் தேய்த்தார். துரு இளக்கும் ஸ்பிரே அடித்தார். சுத்தியலால் தலையில் நேராக, அளவாக நாலு தட்டு தட்டினார். தட்டும் அதிர்வில் துரு விரிசல் விடும், எண்ணெய் உள்ளே இறங்கும். பிறகு, "வாங்க சார், டீ சாப்பிடலாம்" என்றார்.

காஸ் டார்ச்சால் சூடு காட்டக் கூடாதா என்று கேட்டேன். வேறு இடமென்றால் காட்டலாம். நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து பிடியை விடும். இங்கே புல்லிக்குப் பின்னாலேயே ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. போல்ட் இளகுவதற்குள் சீல் கருகிவிடும்.

திரும்பி வந்து காரை டாப் கியரில் போட்டார். உதவியாளர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டார், கிராங்க் சுற்றாமல் இருக்க. சாக்கெட் கைப்பிடியில் நாலடி இரும்புக் குழாயைச் செருகினார். முதலில் இம்மியளவு முடுக்குகிற பக்கமே அழுத்தினார், பிறகு கழற்றுகிற பக்கம். மூன்றாவது முறை "டக்" என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று நான் பதறினேன். பாய் சிரித்தார். கழன்ற சத்தம் அது. புல்லியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவில்லை. புல்லர் மாட்டி நேராக இழுத்தார். நெம்பினால் புல்லியின் விளிம்பு உடையும், எஞ்சினின் அலுமினிய உடம்பும் அடி வாங்கும்.

அடுத்த சோதனை, பெல்ட்டோடு கூடவே மாற்ற வேண்டிய வாட்டர் பம்பில். சின்ன போல்ட் ஒன்று, தலை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. இரும்பு போல்ட், அலுமினிய உடம்பு, நடுவே கூலன்ட் ஈரம்: இரண்டு உலோகம் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்? பம்பை உருவியதும் போல்ட்டின் முண்டம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு தெரிந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். அந்தச் சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஆறவிட்டு நட்டை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினார். முண்டம் முழுசாக வெளியே வந்தது. முறுக்கி இழுத்திருந்தால் உள்ளேயே ஒடிந்து, துளை போட்டு எடுக்கிற வேலையாகியிருக்கும்.

பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தூரத்தில் பார்த்தால் புதுசு போலத்தான் இருந்தது. விரலில் வளைத்தபோதுதான் பற்களின் அடியில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தன. அந்த விரிசலில் பற்கள் பெயர்ந்தால் போதும். கேம் நிற்கும், கிராங்க் சுற்றும், உலக்கையோடு உலக்கை மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் அடிபடும். எஞ்சின் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். மோதாத எஞ்சின்களும் உண்டு. அவற்றில்கூட கார் நடுரோட்டில் நிற்பது நிச்சயம்.

புது பெல்ட் மாட்டுவது பாய் சொன்ன மாதிரி சீக்கிரமே முடிந்தது. கிராங்கிலும் கேமிலும் உள்ள குறிகளை எஞ்சினில் உள்ள குறிகளுக்கு நேராக வைத்து, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் மட்டும் தொய்வு இருக்கும்படி மாட்டினார். உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. கையாலேயே கிராங்கை முழுசாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு, குறிகள் மறுபடி நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தார். எங்காவது இடித்தால் கையே சொல்லிவிடும். ஸ்டார்ட்டரை முடுக்கியிருந்தால் வால்வு வளைந்த பிறகுதான் தெரியும்.

பில்லைப் பார்த்தபோதுதான் பாய் முதலில் சொன்னது புரிந்தது. பெல்ட்டின் விலை கொஞ்சம்தான். கூலி, பெல்ட்டிடம் போய்ச் சேர்ந்ததற்கு. அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் டென்ஷனர், ஆயில் சீல், பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் அதே கையோடு மாற்றச் சொல்கிறார்கள். மலிவான ஆயில் சீலை மாற்றாமல் மிச்சம் பிடித்தால், அது கசிந்து எண்ணெய் பட்டு, புது பெல்ட்டே ஊறிப் போகும். அதே போல்ட்டை மறுபடி கழற்றி, அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

நேயர்களே, காரோடு வந்த கையேட்டை இன்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உங்கள் எஞ்சினில் இருப்பது சங்கிலியா பெல்ட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், பல கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள். கூடவே ஆண்டுக் கணக்கும் கொடுத்திருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வண்டி ஓடாமல் ஷெட்டிலேயே நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். பழைய கார் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை: "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் சொல்லியிருக்கலாம். பில் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.