பியானோ வித்துவான்களும் அவர்தம் சிட்சையும்



 எவருடைய நினைவாக இச்சொற்பொழிவை நடத்தும் இவ்வறக்கட்டளை நிறுவப்பெற்றதோ அவ்வம்மையார், மேனாட்டுச் சங்கீதத்தைத் துறைபோகக் கற்று மேடையேறி வாசிக்கும் ஆற்றலும் வாய்க்கப்பெற்றிருந்தும், தம் ஆயுளின் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பதிலேயே செலவிட்டவர் என்பதை இச்சபையிலுள்ளோர் அறிவீர்கள். ஆதலின், கச்சேரி மேடையில் கீர்த்தி பெற்றிருந்துகொண்டே சிட்சை சொல்வதையும் தம் தொழிலாக மேற்கொண்ட பியானோ வித்துவான்களைப் பற்றிப் பேசுவதே பொருத்தமென்று கருதி இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

கச்சேரி செய்ய இயலாதவரே கற்பிக்கப் போகிறார் என்றோர் அபிப்பிராயம் எல்லாத் தேசங்களிலும் உலவி வருகிறது. பியானோவின் சரித்திரத்தைச் சற்று ஊன்றிப் பார்ப்பவர்க்கு இதைவிடப் பொருந்தாத கூற்றொன்று தோன்றாது. அவ்வாத்தியத்துக்கென இயற்றப்பட்ட உருப்படிகளெல்லாம் அச்சிட்ட ஏடுகளில் கிடைக்கின்றன என்பது மெய்யே. ஆயினும் ஒரு ஸ்வரத்தை எவ்வளவு அழுத்தத்தோடு எழுப்புவது, எழுப்பிய நாதம் தேய்ந்துகொண்டே போகையில் அடுத்த ஸ்வரத்தை அதனோடு எங்ஙனம் இழைப்பது, எவ்விடத்தில் மூச்செடுப்பதுபோல் ஒரு கணம் தாமதிப்பது என்பனவற்றை ஏடு முழுமையாகச் சொல்வதில்லை. அவை ஒருவர் வாசிக்க மற்றொருவர் அருகிலமர்ந்து கேட்டு, திருத்தி, மீண்டும் வாசிக்கச் செய்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. அங்ஙனம் கைமாற்றித் தந்தவர்களுட் பெரும்பாலோர் மேடையில் வாசித்த மகாவித்துவான்களே.

ஷோப்பனையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1810-இல் போலந்தில் பிறந்து, 1831-இல் பாரிஸ் மாநகரை அடைந்து, 1849-இல் அங்கேயே உயிர்நீத்த அம்மேதை, தம் வாழ்நாள் முழுவதிலும் பொதுமக்கள் முன்னிலையில் செய்த கச்சேரிகள் ஏறத்தாழ முப்பதே. பெருங்கூட்டத்தைக் கண்டால் அவர் உள்ளம் சுருங்கும். அவர் ஜீவனத்துக்கு ஆதாரமாயிருந்தது சிட்சையே. ஒரு பாடத்துக்கு 20 பிராங்கு என்பது அவர் வாங்கிய சன்மானம்; அக்காலத்துப் பாரிஸில் அது சிறு தொகையன்று. மாணாக்கர் பெரிய பிளெயெல் பியானோவின் முன் அமர, ஆசிரியர் பக்கத்திலிருந்த சிறிய பியானோவில் வேண்டியபோதெல்லாம் தாம் வாசித்துக் காட்டுவார்.

அவர் முதற்பாடத்தைத் தொடங்கிய முறை நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பியானோ பழகப் புகும் குழந்தைக்கு வெள்ளைக் கட்டைகளை மாத்திரம் வரிசையாக அழுத்தும் ஸ்தாயியையே முதலில் கற்பிப்பது எங்கும் உள்ள வழக்கம். படிப்பதற்கு அது எளிது என்பதே காரணம். ஷோப்பனோ, கண்ணுக்கு எளிதாயிருப்பது கைக்கு எளிதாகாது என்று கண்டார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வெள்ளைக் கட்டைகளின்மேல் வைத்து, இயல்பிலேயே நீண்ட மற்ற மூன்று விரல்களையும் சற்றே உயர்ந்து பின்தள்ளியிருக்கும் கறுப்புக் கட்டைகளின்மேல் படியவிட்டால், கை எவ்வித முறுக்குமின்றித் தன் இயற்கையான வடிவத்திலேயே அமர்ந்துவிடுகிறது. அந்த ஐந்து ஸ்வரங்களிலிருந்தே அவர் பாடம் புறப்பட்டது. விரல்களனைத்தும் சமபலம் பெறவேண்டுமென்று ஏனைய ஆசிரியர்கள் அவற்றை வருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு விரலுக்கும் அதற்கேயுரிய நாதம் உண்டு, அதைக் கெடுக்கலாகாது என்று அவர் போதித்தார். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்குமேல் அப்பியாசம் செய்யாதீர்கள் என்று கண்டித்தார். நல்ல பாடகர்களின் பாட்டைக் கேளுங்கள், கட்டைகளின்மேல் பாடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மாணாக்கரை வற்புறுத்தினார். தாம் வாசித்துத் தம் கையில் உணராத ஒன்றையும் அவர் பிறர்க்கு உபதேசித்ததாகத் தோன்றவில்லை.

இன்னொரு செய்தியையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். மாணாக்கர் கொண்டுவந்த அச்சுப் பிரதிகளில் ஷோப்பன் தம் கைப்பட விரல்முறைகளையும் திருத்தங்களையும் எழுதிக்கொடுப்பது வழக்கம். ஜேன் ஸ்டெர்லிங் என்னும் ஸ்காத்லாந்துச் சீமாட்டி வைத்திருந்த பிரதிகள் போன்றவை அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இன்று ஷோப்பனின் உருப்படிகளைப் பரிசோதித்துச் சுத்தப் பதிப்பு வெளியிடுவோர் அப்பென்சில் குறிப்புகளைப் பெரும் பிரமாணமாகக் கொள்கிறார்கள். ஒரு மாணவியின் ஐயத்தை நீக்கும் பொருட்டு ஏதோ ஒரு பிற்பகலில் இட்ட குறி, நூற்றாண்டுகள் கடந்து உலகத்து மேடைகளிலெல்லாம் ஒலிக்கின்றதென்றால், சிட்சையைக் கலையின் புறத்தே நிற்கும் சில்லறைத் தொழிலென்று எவ்வாறு சொல்வது?

கிளாரா ஷூமான் அம்மையாரின் வரலாறு வேறு வகையானது. 1828-இல் ஒன்பது வயதுச் சிறுமியாக லைப்சிக் நகர மேடையில் தோன்றிய அவர், 1891 வரையில், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கச்சேரி செய்தவர். 1856-இல் கணவர் ராபர்ட் ஷூமான் காலஞ்சென்றபோது ஏழு குழந்தைகளைக் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. ஊர் ஊராகச் சென்று வாசித்தே அவர் குடும்பத்தைத் தாங்கினார். 1878-இல் பிராங்க்பர்ட் நகரில் ஹோக் இசைக்கல்லூரி திறக்கப்பட்டபோது பியானோ ஆசிரியப் பதவி அவரைத் தேடி வந்தது. தம் இல்லத்திலேயே பாடம் நடத்தவும், கச்சேரிப் பிரயாணங்களை விடாது மேற்கொள்ளவும் உரிமை பெற்றுக்கொண்டே அவர் அப்பதவியை ஏற்றார். மேடையை விட்டபின் போய்ச்சேரும் இடமாகப் பாடசாலையை அவர் எண்ணவில்லை. இரண்டையும் ஒருங்கே நடத்தினார். அவர் புதல்வியர் மரீயும் யூஜெனியும் மாணாக்கரைத் தாயாரிடம் வரத் தகுதியாக்கும் முன்பாடங்களைக் கற்பித்தனர். ஃபானி டேவிஸ், அடெலினா டி லாரா போன்ற அவர் மாணவியர் இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டுக்கு வாசித்திருப்பதால், ஷூமானின் இசை அவ்வில்லத்தில் எவ்வாறு கற்பிக்கப்பட்டதென்பதை நாமும் ஓரளவு செவியால் உணர முடிகிறது.

இனி, பரம்பரை என்று சொல்லத்தக்க ஒரு வரிசையை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். இவ்வரிசையைப் பற்றி எண்ணுந்தோறும் என் உள்ளம் நெகிழ்கிறது.

வியன்னா நகரில் பத்து வயதளவில் ஒரு சிறுவன் பீத்தோவனிடம் அழைத்துச் செல்லப்பட்டான். பெயர் கார்ல் செர்னி. சிறுவன் வாசித்ததைக் கேட்டு மாணாக்கனாக ஏற்றுக்கொண்ட பீத்தோவன், முதற்சில பாடங்களில் ஸ்தாயி வரிசைகளைத் தவிர வேறொன்றும் வாசிக்க விடவில்லை; கையின் நிலை, விரல்களின் நிலை, முக்கியமாகக் கட்டைவிரலைப் பயன்படுத்தும் முறை, ஸ்வரங்களை விட்டுப்போகாமல் இணைக்கும் வகை ஆகியவற்றையே திரும்பத் திரும்பப் பழக்கினார். அச்சிறுவன் வளர்ந்து, 1812-இல் பீத்தோவனின் ஐந்தாம் பியானோ கான்செர்ட்டோவை வியன்னாவில் முதன்முதல் வாசிக்கும் பேறு பெற்றான். ஆயினும் செர்னியின் நாட்டம் மேடையில் நிலைக்கவில்லை. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரையில் சிட்சை சொல்வதும், எஞ்சிய நேரத்தில் எழுதுவதுமாகவே அவர் வாழ்க்கை கழிந்தது. 1816 முதல் பீத்தோவனே தம் தம்பி மகனை அவரிடம் பாடத்துக்கு அனுப்பினார். அனுப்பியதோடு, பையன் விரல்முறையையும் காலப்பிரமாணத்தையும் சரிவரப் பற்றிக்கொண்டபின் சிறு பிழைகளுக்காக இடையிலே நிறுத்தவேண்டாம், முடிவில் எடுத்துச் சொல்லுங்கள் என்று கடிதமும் எழுதினார். அக்கடிதம் ஆசிரியத் தொழில் புரிவோர் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது.

செர்னியின் பெயரைக் கேட்டதும் விரலுக்கு வேகம் தரும் அப்பியாச நூல்களை நினைத்து முகம் சுளிக்கும் மாணாக்கர் பலர். அது அவருக்குச் செய்யும் அநீதி. 1819-இல் ஹங்கேரியிலிருந்து ஒரு தகப்பனார் தம் எட்டு வயது மகனை அவரிடம் கொண்டுவந்தார். பையன் நாற்காலியில் தள்ளாடிக்கொண்டு, விரல்முறை ஏதுமின்றி, கைபோனபடி வாசித்தான். ஆனால் அவ்வாசிப்பில் இயற்கை அள்ளிச் சொரிந்திருந்த மேதையைச் செர்னி அக்கணமே கண்டுகொண்டார். பின்னர் அக்குடும்பம் வியன்னாவுக்கே குடிவந்தபோது, ஊதியம் பெறாமல் அப்பையனுக்குப் பாடம் சொன்னார். அவனே பிரான்ஸ் லிஸ்ட். பிற்காலத்தில் தம் உன்னதமான பன்னிரண்டு எட்யூடுகளை லிஸ்ட் சமர்ப்பணம் செய்தது செர்னிக்கே. அன்றியும், 1847-இல், முப்பத்தைந்தே வயதில், ஐரோப்பா முழுவதும் தம்மைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோதே சன்மானத்துக்காக வாசிப்பதை விட்டுவிட்ட லிஸ்ட், முதுமையில் வைமார் நகரில் தம்மை நாடிவந்த இளைஞர்களுக்கெல்லாம் ஒரு காசும் வாங்காமல் கற்பித்தார். குருவிடம் பெற்றது வாசிப்பு மாத்திரமன்று.

செர்னியிடம் கற்ற மற்றொருவர் தியோடோர் லெஷெட்டிட்ஸ்கி. பீட்டர்ஸ்பர்க் இசைக்கல்லூரி 1862-இல் தோன்றியது முதல் அங்கே கற்பித்து, 1878-இல் வியன்னாவுக்குத் திரும்பிய அவரிடம் உலகின் பல பாகங்களிலிருந்தும் மாணாக்கர் வந்து குழுமினர். இருபத்துநான்கு வயதில் வந்த பாடெரெவ்ஸ்கி, காலம் கடந்துவிட்டதென்ற எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது விரல் அப்பியாசத்திலிருந்து மீண்டும் தொடங்கி உலகப் பிரசித்தி பெற்றார். தமக்கென ஒரு முறை இல்லையென்றே லெஷெட்டிட்ஸ்கி கூறிவந்தார். அவர் மாணாக்கரின் வாசிப்பு ஒருவருடையதுபோல் மற்றொருவருடையது இராமையே அதற்குச் சான்று. ஆர்தர் ஷ்னாபெல் என்ற சிறுவனிடம், நீ பியானோ வித்துவான் ஆகமாட்டாய், நீ ஒரு சங்கீதக்காரன் என்று அவர் சொன்னதாகவும், அக்காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஷூபர்ட்டின் சொனாட்டாக்களைப் பயிலுமாறு ஏவியதாகவும் ஷ்னாபெலே பின்னாளில் கூறுவதுண்டு.

1932 முதல் 1935 வரையில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக இசைத்தட்டில் பதித்தவர் இந்த ஷ்னாபெலே. பெர்லினில் ஆசிரியராயிருந்த அவர், 1933-இல் நாஜி ஆட்சி வந்ததும் நாட்டைத் துறந்து, இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள டிரெமெட்ஸோவில் கோடைகாலந்தோறும் வகுப்பு நடத்தினார். ஒருவர் பாடம் கேட்கையில் ஏனைய மாணாக்கரும் சூழ்ந்திருந்து கேட்பது அவ்வகுப்பின் முறை. நம் நாட்டில் இவ்வறக்கட்டளை போன்றவற்றை நடத்துவோர், வருஷத்துக்கொரு சொற்பொழிவோடு நில்லாது, நகருக்கு வரும் தேர்ந்த வித்துவான் ஒருவரைக் கொண்டு இத்தகைய திறந்த சிட்சை ஒன்றையும் நடத்துவராயின், நூறு கச்சேரிகளில் விளையாத பயன் அதில் விளையும் என்பது என் திடமான நம்பிக்கை.

1938-இல் அவ்வேரிக்கரைக்கு வந்து சேர்ந்தவன் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த லியோன் ஃப்ளைஷர் என்னும் சிறுவன். பதினாறு வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் வாசித்து, 1952-இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் எலிசபெத் மகாராணி போட்டியில் முதற்பரிசு வென்ற முதல் அமெரிக்கர் என்ற பெருமை பெற்று, 1959 முதல் பால்டிமோரின் பீபடி இசைக்கல்லூரியில் கற்பித்துக்கொண்டும் உலகமெங்கும் வாசித்துக்கொண்டும் இருந்த அவருக்கு, முப்பத்தாறாவது வயதளவில் பேரிடி வந்தது. வலக்கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்நோக்கி மடங்கத் தொடங்கின. எவ்வளவு முயன்றும் அவை நிமிரவில்லை. தசைகளுக்கு மூளை விடுக்கும் ஆணை தடுமாறுவதால் நேரும் டிஸ்டோனியா என்னும் நோய் அது என்று தெரியவர நெடுங்காலம் சென்றது. மேடை அடைபட்டது.

அந்நாட்களில் அவர் நெஞ்சு பட்ட வேதனையை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரை மீட்டவற்றுள் சிட்சை தலையாயது. அதுகாறும் மாணாக்கன் பிழைசெய்தால், அவனை விலக்கி, தாம் அமர்ந்து வாசித்துக் காட்டிவிடுவார். வாசிக்க இயலாமற் போனபின், தம் கை அறிந்திருந்ததையெல்லாம் சொல்லாக்கித் தரவேண்டிய அவசியம் நேர்ந்தது. ஒரு சொற்றொடரின் கனம் எந்த ஸ்வரத்தில் தங்குகிறது, காலம் எங்கே முன்னோக்கி இழுக்கிறது, எங்கே பிடித்து நிற்கிறது என்பவற்றை வாயால் விளக்கப் புகுந்ததில், முன்பு தாமும் தெளிவாய் அறியாதிருந்தவற்றை அறிந்ததாகவும், அதனால் தாம் நல்லாசிரியரானதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இதனை நான் மிகப்பெரிய சாட்சியமாகக் கருதுகிறேன். வாசித்துக் காட்டும் குரு தம் வாசிப்பின் சாயலைச் சீடனுக்குத் தருகிறார். சொல்லித்தர நிர்ப்பந்திக்கப்பட்ட குருவோ, அச்சாயலைப் பிறப்பித்த காரணத்தையே தருகிறார்.

இடக்கை மட்டும் எஞ்சிய அவருக்கு மேடையிலும் ஒரு வழி திறந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் விந்தை. முதல் உலகப்போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன், அதன்பின் இடக்கை ஒன்றாலேயே வாசிக்கத் துணிந்து, ராவெல் முதலிய இசையமைப்பாளர்களிடம் இடக்கைக்கென்றே கான்செர்ட்டோக்களை எழுதி வாங்கியவர்; அந்த விட்கென்ஸ்டைனும் லெஷெட்டிட்ஸ்கியின் மாணாக்கர். தம் குருவின் குருவிடம் கற்ற ஒருவர் தேடிவைத்த செல்வத்தையே ஃப்ளைஷர் முப்பதாண்டுக் காலம் வாசித்தார். 1990-களில் சிகிச்சையால் விரல்கள் ஓரளவு வசமாயின. 2004-இல் இரண்டு கைகளாலும் வாசித்த இசைத்தட்டொன்று வெளிவந்தது. கை திரும்பியபின்னும் அவர் பாடம் சொல்வதை விடவில்லை. 2020-இல் தொண்ணூற்றிரண்டு வயதில் காலமாகும் வரையில் சிட்சை நடந்துகொண்டேயிருந்தது.

அவரிடம் பயின்றோருள் ஒருவர் ஜோனதன் பிஸ். கச்சேரி மேடையில் புகழோடு விளங்கும் அவர், தாம் கற்ற பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 2013-இல் பீத்தோவனின் பியானோ சொனாட்டாக்களைப் பற்றி இணையத்தின் வாயிலாக ஒரு பாடத்தொடர் நடத்தினார். எவரும் கட்டணமின்றிச் சேரலாம் என்றிருந்த அவ்வகுப்பில், தேசதேசாந்தரங்களிலிருந்து பல்லாயிரம் பேர், அவர்களுட் பலர் ஒரு கட்டையையும் அழுத்தி அறியாதவர்கள், மாணாக்கராய்ப் பதிந்துகொண்டார்கள். 32 சொனாட்டாக்களையும் அவர் பதிவுசெய்து முடித்ததும் அப்பாடங்களோடு கூடவே நடந்தேறியது.