மாத்திரை ஏன் நின்றது?

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஸ்டேட்டின், ரத்த அழுத்தத்துக்கு ஒன்று என்று நாள்தோறும் பல மாத்திரைகள் விழுங்க வேண்டும். வலி நின்றதும் பலருக்கு மாத்திரையும் நின்றுவிடுகிறது. நீண்டகால நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. இவர்களை அதட்டிப் பயனில்லை. ஏன் நின்றது என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளரை எண்ணிப் பாருங்கள். சில அழுத்த மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். கரையைத் தனியாக இணைத்து நெய்யும் கோர்வைச் சேலையென்றால் கரைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். இவர் எழுந்தால் அவர் கையும் நிற்கும். கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான். புரட்டாசிச் சனிக்கிழமை விரதமென்றால், வெறும் வயிற்றில் எதற்கு மாத்திரை என்று விட்டுவிடுவார். வேளையை மாற்றியோ வேறு மருந்து கொடுத்தோ மருத்துவர் இதைச் சரிசெய்யலாம். ஆனால் யாராவது கேட்டால்தானே நெசவாளர் சொல்வார்? குடிநோயாளிகளிடம் பேசிப் பழகிய உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய முறையின் உயிர்நாடி இதுதான்: மாறுவதற்கான காரணம் நோயாளியின் வாயிலிருந்தே வரவேண்டும். "பேத்தி கல்யாணச் சேலையை நானே நெய்யணும்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், மாத்திரைக்கு அதைவிடப் பெரிய காரணம் யார் சொல்ல முடியும்?

இதற்கெல்லாம் மருத்துவருக்கு நேரம் ஏது என்பீர்கள். நியாயந்தான். நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில், 806 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2016-இல் வெளியான 'ஸ்ப்ரெட்' ஆய்வில் பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். மருத்துவமனையிலும் பிறகு வீட்டிலும் போய்ப் பேசினார்கள். ஓராண்டு முடிவில் மருந்தை விடாதவர்கள் இப்படிப் பேசப்பட்டவர்களில் 97 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 92. ரத்த அழுத்தமும் புகையிலைப் பழக்கமும் குறைந்தன. மறு மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லையே என்று கேட்கலாம். உண்மை, அந்த வேறுபாடு தெரிய ஓராண்டும் எண்ணூறு பேரும் போதாது. தமிழ்நாட்டிலோ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் ஐந்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்து பேச நேரமும் பயிற்சியும் கிடைக்கட்டும். நீங்களும் இன்று வீட்டுப் பெரியவரிடம் கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் மட்டும் நாளைக்குத் தள்ளாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.