கண்ணைப் பார்த்து வருத்தம் சொல்லலாமா?

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



"கண்ணைப் பாத்தே உடம்புல உள்ள வருத்தமெல்லாம் சொல்ற வைத்தியர்கிட்ட போகலாமா ஐயா?" என்று லயத்தில் பல பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் பேரை விட்டு, பஸ்ஸுக்கும் மருந்துக்கும் காசு செலவழித்துப் போகிற விசயம். ஆகவே விளக்கமாகவே பேசுவோம்.

இந்த முறைக்கு இரிடோலஜி என்று பேர். 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டு வைத்தியர் இக்னாஸ் வொன் பேட்செலி தொடக்கி வைத்தது. கண்ணின் நடுவில் உள்ள கறுப்புப் பாவையைச் சுற்றி ஒரு நிற வளையம் இருக்கிறது. அதைப் பல கட்டங்களாகப் பிரித்து, இது ஈரலுக்கு, இது சிறுநீரகத்துக்கு என்று படம் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கட்டத்தில் கோடோ புள்ளியோ தெரிந்தால் அந்த உறுப்பில் வருத்தம் என்பார்கள்.

இது சரியா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1979இல் அமெரிக்காவில் 143 பேரின் கண் படங்களை இந்த முறை தெரிந்த மூவரிடம் காட்டினார்கள். யாருக்குச் சிறுநீரக வருத்தம், யாருக்கு இல்லை என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1988இல் நெதர்லாந்தில் பித்தப்பை வருத்தம் உள்ள 39 பேர், இல்லாத 39 பேர் என்று வைத்து ஐந்து பேரிடம் கேட்டார்கள். அங்கேயும் அதே கதைதான்.

காரணம் இருக்கிறது. அந்த வளையத்தின் கோலம் சின்ன வயதிலேயே அமைந்துவிடும். பிறகு பெரும்பாலும் மாறாது. அதனால்தான் கைரேகை மாதிரி ஆளை அடையாளம் காண அதைப் படம் பிடிக்கிறார்கள். மாறாத ஒன்று போன மாசம் வந்த வருத்தத்தை எப்படிக் காட்டும்?

அப்போ கண் ஒன்றுமே சொல்லாதா? சொல்லும். வெள்ளை விழி மஞ்சளானால் காமாலையாக இருக்கலாம். கீழ் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தச் சோகை என்று சந்தேகிக்கலாம். நம்ம சித்த வைத்தியத்திலும் எண்வகைத் தேர்வில் விழி ஒன்று. ஆனால் நாடி, நாக்கு, நிறம் என்று மற்ற ஏழையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டு, பாவையை விரித்து, பின்பக்கத் திரையைப் பார்க்கிறார். சீனியும் பிரஷரும் அங்குள்ள இரத்தக் குழாய்களைக் கெடுத்திருந்தால் அவருக்கு நேராகவே தெரியும். ஆரம்பத்தில் நமக்கு வலியும் இருக்காது, பார்வையும் குறையாது.

"போய்ப் பாத்தா என்ன நட்டம்?" என்று நினைக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ள ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். "உங்களுக்குச் சீனி இல்ல, ஈரல்தான் பழுது" என்று கண் பார்த்தவர் போத்தல் மருந்து கொடுத்தார். அம்மா மூன்று மாசம் கிளினிக் மாத்திரை போடவில்லை. மலையில் பட்ட சின்னக் கீறல் ஆறாமல் புண்ணாகி, கடைசியில் வார்டில் படுத்தார். போன காசைச் சம்பாதிக்கலாம். கால் போனால்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். யார் சொன்னாலும் கிளினிக் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு வைத்தியரிடம் போனால், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சீனி உள்ளவர்கள் வருசத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள். திடீரென்று பார்வை மங்கினாலும், கண் சிவந்து வலித்தாலும், பிள்ளையின் கண் பாவை வெள்ளையாகத் தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்ப்பதற்குக் காசு இல்லை. போக வழி தெரியாவிட்டால் என்னிடம் வாங்க, பேசி ஒழுங்கு செய்வோம்.