சொல் விளங்கினால் அறிவியல் விளங்கும்

(மணவூரில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)

 

1960 ஏப்பிரல் முதல் நாளில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. அதற்கென ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பாடுபட்டனர். மண் மீண்டது, அம்மண்ணில் நம் பிள்ளைகள் எம்மொழியில் எண்ணுகின்றனர் என்பதே இன்று யான் எழுப்பும் வினா.

அறிவியலாசிரியர் வாராத ஒருநாள் எட்டாம் வகுப்பிற்குச் சென்றேன். “அயனி என்பது யாது?” என்றேன். மாணவன் ஒருவன் பாடநூலின் விளக்கத்தை ஓரெழுத்தும் பிழையாமல் ஒப்புவித்தான். “ஒன்றை இழந்த அணு நேர்மின்னேற்றம் பெறுவது எங்ஙனம்?” என்றேன். தலைகவிழ்ந்து நின்றான். குற்றம் அவனுடையதன்று, பொருள் தோன்றாத சொல்லை அவன் தலையில் ஏற்றிய நம்முடையது.

கரும்பலகையில் ‘உப்பு’ என்று எழுதினேன். தனிமங்களின் பெயர்களை ஆய்வது வேறு பணியாதலின், சோடியம், குளோரின் என்னும் பெயர்களை அப்படியே கொண்டேன். சோடிய அணுவில் நேர்மின்னி 11, எதிர்மின்னி 11, இரண்டும் ஈடு. அதன் வெளிவட்டத்தில் எதிர்மின்னி ஒன்றே உண்டு. குளோரினுக்கு வெளிவட்டத்தில் ஏழு. எட்டாக நிரம்ப ஒன்று குறை. சோடியம் கொடுக்கிறது, குளோரின் கொள்கிறது. சோடியத்தில் எதிர்மின்னி பத்தாகக் குறைய, பதினொரு நேர்மின்னிகளில் ஒன்று மிகுகிறது; ஆகவே அது நேர்மின்னேற்றம் பெறுகிறது. குளோரினில் எதிர்மின்னி பதினெட்டாகிறது. ஆகவே அது எதிர்மின்னேற்றம் பெறுகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைகின்றன. “கொள்வினை கொடுப்பினையால் வந்த உறவு, ஐயா!” என்றான் முன்னர்த் தலைகவிழ்ந்த அதே மாணவன். ‘எதிர்மின்னி’ என்னும் சொல்லே அவனுக்கு வழிகாட்டிற்று. ‘எலக்ட்ரான்’ என்றிருந்தால் வழி தோன்றியிராது. கிரேக்கத்தில் அம்மூலச்சொல் குறிப்பது அம்பர் என்னும் பிசினையே!

உப்புப் படிகத்தில் ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின் சூழ்ந்துள்ளன. அப்பிடியின் வலிமையால் அது செல்சியசு அளவில் 801 பாகையில்தான் உருகும். திண்மமாக இருக்கையில் மின்னைக் கடத்தாது. நீரில் கரைந்தால் துகள்கள் விடுபட்டு நகர, மின்னைக் கடத்தும்.

இந்நகர்ச்சியே அயனிக்குப் பெயர் தந்தது. 1834-இல் பாரடே இச்சொல்லை வழங்கினார். கொல்லர் மகனாகப் பிறந்து, நூல் கட்டும் தொழில் பயின்ற அவர் கிரேக்கம் கற்றவரல்லர். ஆதலின் கேம்பிரிட்சு அறிஞர் இயூவலிடம் சொல் வேண்டினார். ‘செல்வது’ என்னும் பொருளில் கிரேக்கச் சொல் கிடைத்தது. அறிவியலாரும் மொழியறிஞரும் கூடிச் செய்த பணி அது, அன்பர்களே! நம் பள்ளிகளில் அறிவியலாசிரியர் ஒருபுறமும் தமிழாசிரியர் மறுபுறமும் அன்றோ அமர்ந்திருக்கின்றனர்!

நம்மிடமும் குறையுண்டு. அயனி, மின்மம், மின்னூட்டணு என ஆளுக்கொரு சொல் வழங்குகிறோம். ஈழத்தார் அயன் என்கின்றனர். ‘மின்னூட்டணு’ முற்றும் பொருந்தாது. பல அணுக்கள் கூடிய குழுவும் மின்னேற்றம் பெறும். எதிர்மின்னியை ‘மின்னணு’ என்பாரும் உளர். அஃது அணுவே அன்று! செல்லும் இயல்பு தோன்றச் ‘செல்மி’ எனலாம் என்பது என் கருத்து: நேர்ச்செல்மி, எதிர்ச்செல்மி. இதனினும் சிறந்தது வரின் அதனை ஏற்பேன். அதுவரை அயனி என்றே தேர்வில் எழுதுக. பொருளை உணர்ந்து எழுதுக. ‘சகப்பிணைப்பு’ என்பதற்கோ காத்திருக்க வேண்டுவதில்லை. எதிர்மின்னியைப் பகிர்வதால் அமைவது ‘பகிர்பிணைப்பு’. ‘சக’ என்னும் வடசொல் எதற்கு?

இயலுமா என்று ஐயுறுவோர் யாழ்ப்பாணத்தை நோக்குக. அமெரிக்க மருத்துவர் கிரீன் அங்கே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியால் 1875-இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிசுதம்’! இன்று அப்பெயரை அறிவார் சிலரே. வேதியியல் நிலைத்தது, இணைதிறனும் நிலைத்தது. வழங்க வழங்கச் சொல் வேரூன்றும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை இன்றிரவு உப்பிட்டு உண்ணும்போது, அதன் கதையைத் தமிழில் கேளுங்கள். அவன் தடையின்றிச் சொன்னால், மீட்ட மண் நம்முடையதே.