சேற்றில் உழைக்கும் கால்களைக் காப்போம்



பயிரில் ஓர் இலை பழுத்தால் உடனே குனிந்து பார்க்கிறோம். மாடு நொண்டினால் அன்றே குளம்பைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆனால் நம் கால் வீங்கினால், "நடவு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அப்படித் தள்ளிப் போடக் கூடாத நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைச் 'செல்லுலைட்டிஸ்' என்பார்கள். தோலிலும் அதன் அடித்திசுவிலும் பாக்டீரியாக்கள் புகுந்து பரவுவதால் வருவது இது.

எப்படி வருகிறது?

'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்', 'ஸ்டெபிலோகாக்கஸ்' என்னும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் காரணம். வேலி முறிந்த இடத்தில் ஆடு நுழைவதுபோல, தோல் பிளந்த இடத்தில் இவை நுழைகின்றன. நாள் முழுதும் சேற்றில் நின்றால் விரலிடுக்கு ஊறி வெளுத்துச் சேற்றுப்புண் ஆகிறது. அதுவே முதல் வாசல். குதிகால் வெடிப்பு, முள் குத்து, அரிவாள் வெட்டு, சொறிந்த கொசுக்கடி ஆகியனவும் வாசல்களே. நீரிழிவு உள்ளவர்களுக்கும் யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இது எளிதில் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் நிணநீர்க் குழாய்கள் பழுதாவதால், வீக்கம் நிலைத்துவிடவும் கூடும்.

அறிகுறிகள்

பெரும்பாலும் ஒரு காலில் மட்டுமே தோன்றும். தோல் சிவந்து, வீங்கி, வலிக்கும், தொட்டால் சுடும். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே இரு கால்களையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடை இடுக்கில் நெறி கட்டலாம்; குளிர்காய்ச்சலும் வரலாம்.

என்ன செய்ய வேண்டும்?

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். புறப்படுமுன் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டுக்கொண்டால், நோய் பரவுகிறதா என்பது தெரியும். மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைச் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். வலி குறைந்ததும் நிறுத்தக் கூடாது. படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். சாணம், சுண்ணாம்பு, புகையிலை எதையும் புண்ணில் வைக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். தோல் கறுத்தாலோ, கொப்புளம் கண்டாலோ, வலி தாங்க முடியாமற் போனாலோ, நினைவு தடுமாறினாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது.

தடுக்கும் முறைகள்

1. வயலிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கால்களைக் கழுவுங்கள். விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

2. சேற்றுப்புண்ணுக்கு மருத்துவர் கூறும் பூஞ்சணக் களிம்பைத் தடவுங்கள்.

3. குதிகால் வெடிப்புக்கு இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள்; விரலிடுக்கில் தடவ வேண்டாம்.

4. வரப்பிலும் களத்திலும் செருப்பணிந்து நடங்கள்.

5. காயம் பட்டால் சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு கழுவித் துணியால் மூடுங்கள். ரணஜன்னி ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

6. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். ஆகவே நாள்தோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லலாம்.

நடவு நேரத்தில் பத்து நாள் படுத்துவிட்டால் கூலியும் போகும், பருவமும் போகும். கால் கழுவித் துடைக்க ஐந்து நிமிடம் போதும். இன்று மாலையே தொடங்குங்கள்.