மூச்சுத் திணறலும் மார்க்கத்தின் சலுகையும்

(நாகமலை புதுக்கோட்டையில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

அல்லாஹ்வின் நல்லடியார்களே! ஈளை என்றும் இழுப்பு என்றும் நம் பெரியோர் சொன்ன நோயை இன்று ஆஸ்துமா என்கிறோம். குழந்தைக்கு வந்தால் 'வீசிங்' என்று பெயரை மென்மையாக்கிக் கொள்கிறோம். மார்கழி, தை மாதப் பனியில் இந்த மலையடிவாரத்தில் ஃபஜ்ருக்கு வரும் முதியவர்கள் சிலர் பள்ளிவாசல் படியில் நின்று மூச்சு வாங்கிய பின்னரே உள்ளே நுழைவதைத் தாங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். 2019 ஆம் ஆண்டைய உலக நோய்ச்சுமைக் கணக்கீட்டின்படி, உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினரே நம் நாட்டில் உள்ளனர். ஆனால் அந்நோயால் நிகழும் மரணங்களில் 40 விழுக்காட்டிற்கும் மேல் நம் நாட்டில் நிகழ்கின்றன. மருந்து கிடைக்காத நாடா இது? பெட்டிக்கடைக்கு அடுத்த கதவு மருந்துக்கடையாக இருக்கும் நாடு. மருந்தின் மீதுள்ள அச்சமும் வெட்கமும் இதற்குப் பெருங்காரணம் என்பதால்தான் மிம்பரில் இதைப் பேச வேண்டியதாயிற்று.

நோயின் தன்மையைச் சுருக்கமாக அறிந்து கொள்ளுங்கள். நுரையீரலுக்குச் செல்லும் மூச்சுக்குழல்களின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கி, அழற்சியுடன் இருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், நம் கண்மாய்க்கரைகளை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தம் போன்றவை பட்டவுடன் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. உள்ளே சென்ற காற்று வெளியேற முடியாமல் விசில் ஓசையோடு போராடுகிறது. ஆகவே இதற்கு இருவகை மருந்துகள் உள்ளன. இறுக்கத்தை உடனே தளர்த்தும் சால்பூட்டமால் ஒன்று. இது பெரும்பாலும் நீலநிற இன்ஹேலரில் வரும். உள்வீக்கத்தை நாள்தோறும் தணிக்கும் புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மற்றொன்று. நீலத்தை மட்டும் அழுத்திக் கொண்டு, இரண்டாவதை விட்டுவிடுவோர் நம்மில் ஏராளம். எரியும் வீட்டில் புகையை மட்டும் விசிறி விடுவது போன்றது அது. நீலத்தை மட்டும் நம்பியிருக்கும் வழக்கம் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் 2019 முதல் வெளிப்படையாகவே கூறி வருகின்றன.

திணறல் வந்துவிட்டால் என்ன செய்வது? நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி, சற்று முன்புறம் சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். சட்டைப் பொத்தானை, முக்காட்டின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். சுற்றி நின்று அழுவோரை முதலில் அப்புறப்படுத்துங்கள். அவர்களது பதற்றம் நோயாளிக்கும் தொற்றும். மருத்துவர் எழுதித் தந்த முறை இருந்தால் அதன்படி நடங்கள். இல்லையேல், நீல இன்ஹேலரை நன்கு குலுக்கி, ஸ்பேசர் குழாயில் பொருத்தி ஒருமுறை அழுத்தி, நான்கு மூச்சு இழுக்கச் செய்யுங்கள். இவ்வாறு நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்துத் தணியாவிட்டால் மீண்டும் நான்கு முறை. அதன் பின்னும் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் சொல் சொல்லாகத் திக்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, நோயாளி சோர்ந்து கண் செருகினாலோ காத்திருத்தலே கூடாது; உடனே அழையுங்கள். விசில் ஓசை திடீரென நின்று, திணறல் நிற்காதிருந்தால் அது குணமன்று. காற்றே போகவில்லை என்று பொருள். ஸ்பேசர் வாங்க வசதியில்லை என்போருக்கு ஒரு செய்தி: அரை லிட்டர் பிளாஸ்டிக் குப்பியின் அடியில் இன்ஹேலரின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவு துளையிட்டுப் பயன்படுத்தினால் குழந்தைகளுக்கு அது கடைச்சரக்கிற்கு ஈடாக உதவுகிறது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999 இல் நிறுவியுள்ளனர்.

கண்ணியத்திற்குரியவர்களே! நம் வீடுகளில் இன்ஹேலர் ஒளித்து வைக்கப்படுகிறது. அதுவும் பெண்பிள்ளையாயின் அலமாரியின் அடித்தட்டில், துணிக்குக் கீழே. பெண் பார்க்க வருவோர் கண்ணில் பட்டால் சம்பந்தம் கைநழுவும் என்று நன்னி சொல்லி வைத்திருப்பார். "அதை ஆரம்பித்தால் ஆயுள் முழுக்க விட முடியாது, அடிமையாகி விடுவாய்" என்று அத்தா சொல்லி வைத்திருப்பார். மூக்குக்கண்ணாடிக்கு யாராவது அடிமையானதுண்டா? மாத்திரையாக விழுங்கினால் உடல் முழுவதும் சுற்றும் மருந்து, இன்ஹேலரில் அதைவிட மிகச் சிறிய அளவில் நுரையீரலுக்கே நேராகச் செல்கிறது, அவ்வளவே. நிக்காஹ் பேசும்போது உள்ளதை உள்ளபடி கூறுங்கள். ஒளித்து முடித்த சம்பந்தத்தில், மாமியார் வீட்டில் நள்ளிரவு இழுப்பு வரும்போது கைப்பையைத் திறக்க அந்தப் பெண் அஞ்சுவாளே! அந்த அச்சத்திற்கு யார் பொறுப்பு?

அடுத்து, கருஞ்சீரகம். அதன் சிறப்பைக் கூறும் ஹதீஸ் ஸஹீஹானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இமாம் கத்தாபீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள், அந்தச் சொல் பொதுவாக வந்திருப்பினும் குறிப்பிட்ட சில நோய்களையே கருதுகிறது என விளக்கியுள்ளனர். மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் வினவியபோது, செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் ஹதீஸ்தான். தேனும் கருஞ்சீரகமும் தூதுவளையும் உண்ணுங்கள். திணறும் பிள்ளையின் வாயில் அவற்றை ஊட்டிக் கொண்டிருக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதவர் எதை விழுங்குவார்? ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஹைதராபாத்தில் ஒரு குடும்பத்தார் மஞ்சள் மருந்தை உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் வைத்து விழுங்கத் தருகின்றனர். பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் குவிகின்றனர். இலவசம்தான், நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. அதை நம்பி இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட்டு வருவதுதான் ஆபத்து.

இனி ரமளான். "நோன்பில் இன்ஹேலர் அடிக்கலாமா ஹழ்ரத்?" இக்கேள்வி வராத ரமளானே இல்லை. தேவ்பந்த் தாருல் உலூம் உட்பட நம் நாட்டு ஹனஃபீ உலமாக்கள், மருந்தின் துகள் தொண்டை வழியே உட்செல்வதால் நோன்பு முறியும் என்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படையும் அதுவே. சவூதி அரேபியாவின் ஷைகு இப்னு பாஸ், ஷைகு இப்னு உஸைமீன் ஆகியோர், அது உணவுமன்று, பானமுமன்று. ஆகவே முறியாது என்றனர். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இவ்விஷயத்தில் முடிவு கூறாமல் மேலாய்வுக்கு ஒத்திவைத்தது. நான் முதற்கருத்தையே கூறி வருகிறேன். ஆனால் அக்கருத்தின் மீதிப் பாதியைக் கேளாமல் பலர் எழுந்து போய்விடுகின்றனர்! முறியும் என்றால் பாவம் என்று பொருளல்ல. திணறும்போது மருந்தை அழுத்துங்கள். அந்த நோன்பைப் பின்னர் களாச் செய்யுங்கள், கஃப்பாரா இல்லை. நோயாளிக்கு வேறு நாட்களில் நோற்கும் சலுகையைத் தந்தவன் அல்லாஹ். ஆண்டு முழுவதும் நோற்கவே இயலாத, குணமாகும் நம்பிக்கையும் அற்ற நோயாளிக்கு ஃபித்யா உண்டு. மஃக்ரிபுக்கு இன்னும் அரை மணி நேரமே உள்ளது என்று உதட்டைக் கடித்துக் கொண்டு உயிரைப் பணயம் வைப்பதற்கு மார்க்கத்தில் நன்மை எழுதப்படவில்லை.

மருந்து நேரத்தை மாற்றியமைக்கவும் வழியுண்டு. நாளுக்கு இருமுறை எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னரும் எடுத்துக் கொள்ளலாம். இதை உங்கள் மருத்துவரிடம் ஷஅபானிலேயே பேசி வையுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாய்ப்புண் வரும்.

தொழுகையில் திணறல் வந்தால் தொழுகையை முறித்து மருந்தை எடுங்கள். உங்கள் ஸஃப்பில் ஒருவர் திணறக் கண்டால், நீங்களும் தொழுகையை முறித்து உதவுவது கடமை. ஸுஜூதில் மூச்சு அடைப்போர் உட்கார்ந்து சைகையால் தொழட்டும். அவர்களை ஏளனமாகப் பார்க்க வேண்டாம்.

நம் பழக்கங்களையும் பேசாமல் விட முடியாது. வெள்ளி இரவு சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், வாசலிலே பீடி. கதவைச் சாத்திய அறையில் தொட்டில் குழந்தை. நறுமணம் ஸுன்னத்தே, புகை ஸுன்னத் அன்று. ரோஜா மலரும் வசந்தத்தில் அபூ ஸைத் பல்கீ என்ற அறிஞருக்கு ஏன் மூக்கும் தலையும் அடைத்துக் கொள்கின்றன என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூபக்ர் ராஸீ தனி நூல் எழுதினார். ஆகவே பக்கத்தில் நிற்பவர் உங்கள் அத்தரால் இருமினால் அவரைக் கோபிக்காதீர்கள். 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் வாழ்ந்த யூத மருத்துவர் மூஸா பின் மைமூன், ஆஸ்துமா கொண்ட உயர்குடி நோயாளி ஒருவருக்காக அரபியில் எழுதிய நூலில், தூய காற்றையும் உணவு ஒழுங்கையுமே பெரிதும் வலியுறுத்தினார்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கார்ப்பெட் விரிப்பில் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி பெருகும். மாதம் ஒருமுறை வெயிலில் உதறுங்கள். கூட்டுவதைத் தொழுகைக்கு வெகுநேரம் முன்பே முடித்துவிடுங்கள். மக்தப் மதரஸாவில் இழுப்புள்ள பிள்ளைகள் யார் யார் என்பதை உஸ்தாத் அறிந்திருக்கட்டும். பிள்ளையின் இன்ஹேலர் பூட்டிய அலமாரியில் அன்றி, அதன் பையிலேயே இருக்கட்டும். பெற்றோர்களே, இன்று வீட்டிற்குச் சென்றதும் அந்த இன்ஹேலரின் காலாவதி நாளையும், எண்ணி இருப்பின் மீதமுள்ள எண்ணிக்கையையும் பார்த்து விடுங்கள்.